அறியாத ஏரியில் தூண்டிற்போட்டி

பழகிய வழியில் இருளிலும் நடக்கலாம். பழகாத வழியில் பகலிலும் கால் இடறும். நீர்நிலைகளுக்கும் இஃது ஒக்கும். தன் ஊர் ஏரியில் பள்ளம் எங்கே, மேடு எங்கே, எந்த மரத்தடியில் மீன் ஒதுங்கும் என்பவற்றை இளமை முதல் அறிந்தவன் அங்கே மீன் பிடித்து வருதல் பெரும் வியப்பன்று. முன்பின் கண்டிராத ஏரிக்குச் சென்று, சில நாழிகைப் பொழுதில் அதன் இயல்பை உணர்ந்து, தூண்டிலிட்டு வெல்லுதலே அரிது. தூண்டிற்கழகத்தார் பிற ஊர் ஏரிகளை நாடிச் சென்று போட்டி நிகழ்த்துவதன் நோக்கமும் இதுவே. அறியாத ஏரியின் முன் எல்லாரும் மாணவரே. அங்கே பழக்கம் உதவாது. கூர்ந்து நோக்கும் அறிவும் பொறுமையுமே உதவும்.

தூண்டில் தமிழர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு தூண்டிற்காரனைக் காட்டுகிறார். அவன் மீன் பிடித்தலில் வல்ல பாண்மகன். இரைக்குரிய ஊன் இட்ட தோற்பை அவனிடம் உண்டு. நீண்ட மூங்கிற்கோலில் கயிறு கட்டியிருக்கிறான். கயிற்றின் நுனியில் வளைந்த இரும்பு இருக்கிறது. உலகப்பொதுமறை தந்த வள்ளுவரும், சூதாட்டத்தில் கிடைக்கும் வெற்றிக்கு உவமை தேடியபோது, இரையென்று எண்ணித் தூண்டில் இரும்பை விழுங்கிய மீனையே எடுத்துக்கொண்டார். உவமை கேட்போர்க்குத் தெரிந்த பொருளாக இருத்தல் வேண்டும் அன்றோ? ஆதலின், தூண்டில் அக்காலத்தில் யாவரும் கண்ட கருவியாக இருந்தது என்பது தெளிவு.

உணவுக்காக மீன் பிடித்தது பண்டைய வழக்கம்; அதனை ஒரு விளையாட்டாக்கி, விதிகள் வகுத்து, வென்றாரையும் தோற்றாரையும் கணித்தது பிற்கால வழக்கம். 1900ஆம் ஆண்டில் பாரிசு மாநகரில் உலகக் கண்காட்சி நிகழ்ந்தபோது, சேன் ஆற்றங்கரையில் தூண்டிற்போட்டியும் நடைபெற்றது. நம் நாட்டு ஏரி குளங்களைக் குறித்தும் அதற்கு முன்பே ஒரு நூல் தோன்றியது. சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணி புரிந்த என்றி சல்லிவன் தாமசு என்பார், இந்திய ஏரி குளங்களில் தூண்டிலிடும் முறையை விளக்கி 1887ஆம் ஆண்டில் தனி நூலே எழுதினார்.

இத்தகைய போட்டியின் இயல்பை அறிவதற்கு ஓர் ஏரியை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுதல் நன்று. தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோடு வட்டத்தில் மாரண்டஹள்ளி என்னும் பேரூர் உள்ளது. ஊர்ப்பெயரின் ஈற்றில் உள்ள ‘ஹள்ளி’ என்பது சிற்றூரைக் குறிக்கும் கன்னடச் சொல். இரு மொழியாரும் கலந்து வாழும் எல்லைப்புறம் அது என்பதை அப்பெயரே உணர்த்தும். அதன் அருகே பஞ்சப்பள்ளியில் சின்னாற்றின் குறுக்கே அணை கட்டப்பட்டிருக்கிறது. அவ்வாறு மேலும் ஓடி ஒகேனக்கல்லில் காவிரியோடு கலக்கிறது. ஆற்றுநீர் எட்டாத ஊர்களுக்கு ஏரிகளே உயிர். தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் பெய்யும் மழையே அவற்றை நிரப்புகிறது. அப்பகுதியில் நீர் நிறைந்த ஏரி ஒன்றிற்கு, வேற்றூர்க் கழகத்தார் இருபதின்மர் தூண்டிலோடு வருவதாகக் கொள்க.

அவர்கள் முதற்கண் செய்யத்தக்கது யாது? ஏரியில் இறங்குதலன்று, இசைவு பெறுதலே. ஏரிநீர் பொதுவாயினும் அதன் மீன் உரிமையற்றதன்று. தமிழ்நாட்டு ஏரிகள் பலவற்றில் மீன்பிடிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்படுகிறது. குத்தகை எடுத்தவர்கள் மீன்குஞ்சுகளை விலைக்கு வாங்கி விட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, அவை வளர்ந்தபின் பிடித்து விற்றுப் பிழைக்கின்றனர். கழகத்தார்க்கு ஒருநாள் விளையாட்டு. அவர்களுக்கோ ஓராண்டுப் பிழைப்பு. ஆதலின், ஏரிக்கு உரிமை உடையாரையும் ஊராரையும் கேட்டு, அவர்கள் ஒப்பிய பின்னரே போட்டிக்கு நாள் குறித்தல் முறையாகும். விருந்தினன் வீட்டுக்காரனைக் கேளாமல் அடுக்களைக்குள் புகுவதில்லை.

இசைவு கிடைத்தபின் ஏரியைப் பார்த்தல் வேண்டும். நம் நாட்டு ஏரி தானாகத் தோன்றிய பள்ளமன்று. சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் கரையெழுப்பி முன்னோர் ஆக்கியது. ஆதலின், அதன் அமைப்பை அறிந்தவனுக்கு ஆழமும் ஓரளவு விளங்கும். கரையை ஒட்டிய பகுதியே பெரும்பாலும் ஆழமானது. மதகு இருக்குமிடம் இன்னும் ஆழமானது. கரைக்கு வேண்டிய மண்ணை அருகிலேயே வெட்டியிருப்பின், அங்கே நீருக்குள் குழிகளும் இருக்கும். எதிர்ப்புறத்தில், ஓடைகள் வந்து சேரும் பகுதி ஆழம் குறைந்தது. புல்லும் கோரையும் அடர்ந்தது. மிகுந்த நீர் வழிந்தோடும் கலிங்கு மற்றோர் அடையாளம். இவற்றைப் பார்த்தறிந்த பின், கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டி நீரில் விட்டு, ஆழத்தை அளந்தும் அறிவர். அறியாத ஏரியும் இங்ஙனம் தன் உருவத்தை மெல்ல மெல்லக் காட்டத் தொடங்கும்.

அடுத்து, மீன் இருக்கும் இடத்தை உய்த்துணர்தல் வேண்டும். எல்லா மீனும் எல்லா இடத்திலும் மேய்வதில்லை. ஏரிகளில் வளர்க்கப்படும் கெண்டை இனங்களில் கட்லா நீரின் மேற்பரப்பிலும், ரோகு இடைப்பகுதியிலும், மிர்கால் அடித்தரையிலும் இரை தேடும். ஒரே ஏரியில் மூன்றையும் சேர்த்து வளர்ப்பதன் காரணம் இதுவே. ஒன்றன் உணவை மற்றொன்று பறிப்பதில்லை. விரால், காற்றையும் நேரே உட்கொள்ளும் இயல்புடையது. ஆதலின் அடிக்கடி நீர்மட்டத்திற்கு வந்து செல்லும். செடிகொடி அடர்ந்த ஓரங்களில் பதுங்கும். கெளுத்தி தரையை நாடுவது. மீசை போன்ற உறுப்புகளால் தடவித் தடவி இரையைக் கண்டுகொள்வது. தரையில் மேயும் மீன் சேற்றைக் கிளறும்போது நீர்க்குமிழிகள் எழும். நீர் கலங்கித் தோன்றும். நீர்க்காகம் மூழ்கி எழுமிடத்தில் சிறுமீன் கூட்டம் உண்டு. காற்று ஒரு பக்கமாக வீசுமாயின், மிதக்கும் இரைப்பொருள் எதிர்க்கரையில் சென்று சேரும். மீனும் அதனைத் தொடரும். இவ்வாறு குமிழியும் பறவையும் காற்றும், படிக்கத் தெரிந்தவனுக்கு எழுத்துகளாகின்றன.

ஆயினும், இவ்வெழுத்துகளை விரைவில் படிக்க ஒரு வழி உண்டு. ஊராரை வினவுதலே அது. கரையில் ஆடு மேய்க்கும் முதியவருக்கும், நாள்தோறும் வலை வீசும் மீனவருக்கும் தெரிந்த செய்தி, விலையுயர்ந்த கருவிகள் கொண்டுவந்தவருக்குத் தெரியாது. எந்தப் பக்கத்தில் பாறை உண்டு, எங்கே முள் மரங்கள் நீரில் அமிழ்ந்திருக்கின்றன, இவ்வூர் மீன் எந்த இரையை விரும்பும் என்பவற்றை அவர்களே கூறுவர். மண்புழு எங்கும் பொதுவான இரை. கோதுமை மாவும் தவிடும் பிண்ணாக்கும் கலந்து பிசைந்த உருண்டை கெண்டை இனங்களுக்கு ஏற்றது. தருமபுரிச் சீமையின் உணவாகிய கேழ்வரகும் சிறந்த இரையே. காவிரியில் பெருங்கெண்டைகளைப் பிடித்தவர்கள் கேழ்வரகு மாவை வேகவைத்து உருட்டித் தூண்டிலில் கோத்தனர். வினவுதலுக்கு நாணியவன் நீரை மட்டும் நோக்கியிருப்பான். வினவியவனோ நீரின் உள்ளிருப்பதையும் ஓரளவு காண்பான்.

இனிப் போட்டியின் முறையைக் காண்போம். ஏரிக்கரையில் ஒத்த இடைவெளி விட்டு முளைகள் அடிக்கப்பட்டு, அவற்றிற்கு எண்கள் இடப்படும். யார் எந்த முளையில் அமர்வது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்து முடிவு செய்வர். நல்ல இடத்தை வலிமை உடையவனும் முந்தி வந்தவனும் கைப்பற்றிக்கொள்ளாதபடி காப்பது இச்சீட்டே. அமர்ந்தவர் தம் எல்லையைக் கடந்து பிறர் நீரில் தூண்டிலிடலாகாது. ஊதல் ஒலித்த பின்னரே தூண்டில் நீரைத் தொடுதல் வேண்டும்; முடிவு ஊதல் ஒலித்தவுடன் அதனை எடுத்துவிடுதல் வேண்டும்.

சீட்டினாலும் முற்றிய நடுவுநிலைமை கிட்டிவிடாது. மதகருகே இடம் பெற்றவனுக்கு ஆழமும் மீனும் வாய்க்கும். மேட்டுப்புறத்தில் இடம் பெற்றவனுக்கு அவை வாய்க்கமாட்டா. குழுக்களாகப் போட்டியிடும்போது இக்குறையை நீக்க ஒரு முறை வகுத்துள்ளனர். கரையைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒவ்வொருவரை ஒவ்வொரு பகுதியில் அமர்த்துவர். ஒரு பகுதியில் இருப்பவரை அப்பகுதியில் இருப்பவரோடு மட்டுமே ஒப்பிடுவர். முதல்வனுக்கு 1 புள்ளி, இரண்டாமவனுக்கு 2 புள்ளி என இட்டுக்கொண்டு செல்வர். இறுதியில் எந்தக் குழுவின் கூட்டுத்தொகை மிகச் சிறியதோ அக்குழுவே வென்றதாகும். ஆழ்நீரில் அமர்ந்தவன் பத்துக் கிலோ பிடித்தும் தன் பகுதியில் மூன்றாமவனாகலாம். மேட்டுநீரில் அமர்ந்தவன் ஒரு கிலோ பிடித்தும் தன் பகுதியில் முதல்வனாகலாம். வாய்ப்புக் குறைந்த இடத்தில் உழைத்தவன் உழைப்பும் வீணாகாதபடி அமைந்த கணக்கு இது.

ஊதல் ஒலித்தபின் கரை அடங்கிவிடும். சிலர் முதலில் தம் முன்னுள்ள நீரில் சிறிதளவு இரையைத் தூவி மீனை வரவழைப்பர். அளவு மிகுந்தால் மீன் வயிறு நிறைந்து தூண்டிலைத் தொடாது. பின்னர், இரை கோத்த முள்ளை இறக்கி, மிதவையில் கண் வைத்திருப்பர். சிறுமீன் கொறிக்கும்போது மிதவை துடிக்கும். பெருமீன் கவ்வி இழுக்கும்போது அது சாய்ந்து நீருள் அமிழும். துடிப்பைக் கண்டு பதறி இழுப்பவன் வெறும் முள்ளைக் காண்பான். அமிழ்ந்த பின்னும் காலந்தாழ்ப்பவன் இரையை இழப்பான். பொறுக்கும் காலத்தில் கொக்கைப் போல் அடங்கியிருக்கவும், காலம் வாய்த்தபோது அது குத்துவது போல் தவறாது செய்யவும் வேண்டும் என்று வள்ளுவர் அரசர்க்குக் கூறிய அறிவுரை, நீர்க்கரையில் நின்று கற்ற பாடம் போலும்!

அடக்கம் உடலுக்கும் வேண்டும். கரை அதிர நடத்தலும், எழுந்து நின்று நிழல் நீரில் விழச் செய்தலும் மீனை ஓட்டிவிடும். முற்கூறிய பெரும்பாணாற்றுப்படைக் காட்சியின் எஞ்சிய பகுதி ஈண்டு நினைக்கத்தக்கது. பாண்மகனின் தூண்டிலில் இருந்த இரையைக் கவ்வி, முள்ளுக்குத் தப்பி ஓடிய வாளைமீன் ஒன்று, கரையோரத்துப் பிரம்பின் நிழல் நீரில் அசைவதைக் கண்டு, அதுவும் தூண்டிற்கோலோ என்று அஞ்சியதாம். ஒருமுறை தப்பிய மீன் அந்நிகழ்ச்சியை மறவாது என்பதையும், நிழலுக்கு அது அஞ்சும் என்பதையும் அப்புலவர் கண்டிருக்கிறார். இன்றைய தூண்டிற்காரரும் பின்வாங்கி அமர்ந்து, நிழல் நீரில் படாதவாறு பார்த்துக்கொள்ளுதல் அதனாலேயே ஆகும்.

பிடித்த மீனை ஒவ்வொருவரும் நீரிலேயே தொங்கவிட்ட நீண்ட வலைப்பையில் உயிரோடு காத்துவைப்பர். முடிவு ஊதல் ஒலித்தபின் நடுவர் முளைதோறும் வந்து, மீனை நிறுத்துக் குறித்துக்கொள்வார். எண்ணிக்கை கருதப்படுவதில்லை, எடையே கருதப்படும். பன்னிரண்டு சிறுமீன்கள் சேர்ந்து 3 கிலோ நிற்க, மற்றொருவனின் ஒரே மீன் 4 கிலோ நிற்குமாயின், பின்னவனே முன்னவனை வெல்வான். நிறுத்தபின் மீன் அனைத்தும் ஏரிக்கே திரும்பிச் செல்லும். அவற்றைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்ளுதல் விதி. மீனின் உடல்மேல் உள்ள வழுவழுப்பான படலம் அதனை நோயினின்றும் காப்பது. உலர்ந்த கை அதனைத் துடைத்துவிடும். வெயில் ஏறுமுன் போட்டியை முடித்தலும் மீனின் பொருட்டே. நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்துள்ள உயிர்வளி குறையும். வலைப்பையில் நெருங்கிக் கிடக்கும் மீன் மூச்சுத் திணறி மடியும்.

“பிடித்த மீனைத் திரும்ப விடுதற்கு ஏன் பிடித்தல் வேண்டும்?” என்று ஊர்ச் சிறுவர் சிலர் நகைக்கக்கூடும். அவர்கள் நகைப்பிலும் பொருள் உண்டு. புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை மாவட்டங்களில் வேறொரு வழக்கம் இன்றும் நிலவுகிறது. பொன்னமராவதி, சிங்கம்புணரி, மேலூர் முதலிய பகுதிகளில், அறுவடை முடிந்து கண்மாய் வற்றும் காலத்தில் மீன்பிடித் திருவிழா நிகழும். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் மக்கள் விடியுமுன்னரே கரையில் வந்து கூடுவர். ஊர்ப் பெரியவர் துண்டை வீசிக் காட்டும்வரை ஒருவரும் நீரில் கால் வைப்பதில்லை. காட்டியவுடன் ஊத்தா என்னும் கூடையும் கச்சா என்னும் வலையும் ஏந்தி, ஆண் பெண் வேறுபாடின்றி யாவரும் இறங்குவர். விராலும் கெளுத்தியும் கெண்டையுமாக அகப்பட்டவற்றை வீட்டிற்குக் கொண்டுசென்று சமைத்து உண்பர். விற்றல் ஆகாது என்பது பல ஊர்களின் கட்டுப்பாடு.

ஓரிடத்தில் மீன் அனைத்தையும் பிடித்துக்கொள்கின்றனர். மற்றோரிடத்தில் அனைத்தையும் விட்டுவிடுகின்றனர். இவை முரண்போலத் தோன்றும், ஆயினும் முரணல்ல. திருவிழா நிகழ்வது வற்றும் நீரில். அங்கே விட்டுவைத்தாலும் மீன் சில நாளில் மடியும். எடுத்துப் பகிர்ந்து உண்பதே அறிவு. போட்டி நிகழ்வது நிறைந்த நீரில். அங்கே உள்ள மீன் இன்னும் வளரும், இனம் பெருக்கும், அதனை நம்பிப் பிழைப்பவரும் உளர். ஆதலின் விட்டுவிடுதலே அறிவு. அடையாளம் காட்டும்வரை காத்திருத்தல், யாவர்க்கும் ஒத்த வாய்ப்பளித்தல், பொது நீரைத் தனிப்பொருளாகக் கருதாமை என்னும் மூன்றும் இரண்டிற்கும் பொது. நீரின் நிலையை நோக்கிச் செயல் வேறுபடுகிறது, அறம் வேறுபடவில்லை.

இவ்வறத்தை மறந்தால் விளைவது யாது என்பதற்குத் தருமபுரி மாவட்டத்தினர் தொலைவில் சான்று தேட வேண்டுவதில்லை. சின்னாறு சென்று கலக்கும் காவிரியே சான்று. திமில் போன்ற முதுகுடைய மகசீர் என்னும் பெருங்கெண்டை காவிரிக்கும் அதன் துணையாறுகளுக்குமே உரியது. 1946ஆம் ஆண்டில் கபினியாற்றில் வான் இங்கன் என்பவர் தூண்டிலிட்டுப் பிடித்த மகசீரின் எடை 120 பவுண்டு. அஃதாவது ஏறத்தாழ 54 கிலோ. அத்தகைய மீன், 2018ஆம் ஆண்டில் மிகவும் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வெடியிட்டு மீன் பிடித்தலை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியது. எனினும் அத்தீச்செயல் ஆறுகளில் நின்றபாடில்லை. அணைகள் ஆற்றின் ஓட்டத்தை மாற்றின. இவற்றினும் வியப்பானது ஒன்றுண்டு. மீன்வளம் பெருகட்டும் என்னும் நல்லெண்ணத்தால் வேற்று ஆற்று மகசீர் இனத்தின் குஞ்சுகளைக் கொணர்ந்து காவிரியில் விட்டனர். வந்த இனம் பெருகியது. இருந்த இனம் அருகியது. அறியாத நீரில் ஆராயாமல் செய்யும் நன்மையும் தீமையாக முடியும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

ஆதலின், வேற்றூர் ஏரிக்குச் செல்லும் கழகத்தார் ஓர் ஏரியின் மீனை மற்றோர் ஏரியில் விடுவதில்லை. அறுந்த தங்கூசி நரம்பைக் கரையில் எறிந்து பறவையின் காலுக்குப் பொறியாக்குவதில்லை. வந்தபோது இருந்தவாறே ஏரியை விட்டுச் செல்வர். மாலையில் வண்டியேறும்போது பரிசு ஒருவனிடம் இருக்கும். காலையில் அறியாததாக இருந்த ஏரியோ இருபதின்மர்க்கும் அறிந்த ஏரியாகியிருக்கும். அவர்கள் சென்ற பின்னும் மாரண்டஹள்ளிப் பக்கத்து அவ்வேரியில் குமிழிகள் எழும், நீர்க்காகம் மூழ்கும், மறுநாள் விடியலில் மீனவர் தம் வலையோடு இறங்குவர். அவர் வலையில் மீன் ஒன்றும் குறையாதிருத்தலே அப்போட்டி முறையாக நடந்தது என்பதற்கு அடையாளமாகும்.